பதினேழு படி அரிசி

சமையலறைத் தரையில் பழைய செய்தித்தாளை விரித்து அதன் நடுவே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள் என் மனைவி உஷா. முன்னால் ஒரு தராசு. செல்லூரில் அவளுடைய அப்பா நடத்திவந்த சாயப்பட்டறையிலிருந்து இரவல் வாங்கி வந்தது. புளி போட்டுத் தேய்த்தும் தட்டின் விளிம்பில் ஒரு ஊதாக் கோடு போகவில்லை. அதற்காகத் தட்டின் மேல் ஒரு வாழையிலைத் துண்டைப் போட்டிருந்தாள். இலைக்கும் எடை உண்டல்லவா? அதனால் எதிர்த் தட்டிலும் அதே அளவில் இன்னொரு இலைத் துண்டு.

பக்கத்தில் சாமி மாடத்திலிருந்து இறக்கிய பித்தளைப் படி. அது நிறைய அரிசி.

"கிட்ட வராதீங்க. தட்டு ஆடுது" என்றாள்.

நான் எதையும் தொடவில்லை. நின்று மூச்சுத்தான் விட்டுக்கொண்டிருந்தேன்.

படியிலிருந்த அரிசியைத் தட்டில் கொட்டி எடைக்கல்லை வைத்தாள். ஒன்றரை கிலோவுக்குச் சற்றுக் குறைவு. நம்பிக்கை வராமல் மறுபடியும் படியில் போட்டு, இந்தமுறை தரையில் ரெண்டு தட்டுத் தட்டி, மேலே விழுந்த பள்ளத்தையும் நிரப்பி நிறுத்தாள். ஒன்றரை கிலோவுக்குச் சற்று அதிகம்.

"என்னங்க இது? அதே படி, அதே அரிசி. மாறுது."

"தட்டினா அரிசி இறங்கி உக்காரும். இன்னும் கொஞ்சம் பிடிக்கும்" என்றேன்.

"அப்ப எது சரி?"

"ரெண்டும் சரிதான்."

இப்படிப்பட்ட பதில்கள் உஷாவுக்குப் பிடிக்காது. இட்லி அரிசியைப் போட்டுப் பார்த்தாள். அது வேறு எடை காட்டியது. பச்சரிசி அதற்கும் ஒத்துவரவில்லை. கடைசியில், பிடிவாதம் பிடிக்கும் பிள்ளையைப் பார்ப்பதுபோல அந்தப் படியைப் பார்த்துவிட்டு, "ஒன்றரைன்னு வச்சுக்குவோம்" என்றாள். மனைவி அரிசி மேல் கோபப்பட்டு அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன்.

இத்தனை பாடும் எதற்கு என்று கேட்பீர்கள். எங்கள் மகளுக்குக் காதுகுத்து வைத்திருந்தோம். விருந்துக்கு அரிசி ஊரிலிருந்து வருவதாக ஏற்பாடு. "எம்புட்டுப் படி வேணும்னு கேட்டுச் சொல்லு" என்று சொல்லி அனுப்பியிருந்தார் என் ஐயா. எங்கள் பக்கம் அப்பாவை ஐயா என்றுதான் கூப்பிடுவோம்.

அவர் கேட்டது படிக் கணக்கு. உஷாவுக்குத் தெரிந்தது கிலோக் கணக்கு. நடுவில் நான்.

கை நனைக்காத மனிதர்

போன வாரம் வில்லாபுரத்து வாடகை வீட்டைப் பற்றி எழுதியிருந்தேன். தண்ணீர் லாரி, மொட்டைமாடி, கீழ்வீட்டுக்காரரின் ஸ்கூட்டர் எல்லாம் வந்தன. ஐயா வரவில்லையே என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி.

ஐயா அந்த வீட்டுக்கு வராமல் இல்லை. மாதம் ஒருமுறையாவது வருவார். சோழவந்தானுக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கும் எங்கள் ஊரிலிருந்து பஸ் மாறி, உர மூட்டை விலை கேட்க வந்தேன், மோட்டாருக்கு சாமான் வாங்க வந்தேன் என்று ஏதாவது ஒரு காரணத்தோடு வருவார். வாசலில் செருப்பைக் கழற்றுவார். பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் இருப்பார். உஷா தட்டை எடுத்து வைக்கும் சத்தம் கேட்டதும் எழுந்துவிடுவார்.

"வாரேம்மா. பஸ்ஸு போயிரும்."

நேரே தெருமுனை டீக்கடைக்குப் போய் ரெண்டு வடையும் டீயும் சாப்பிடுவார். எங்கள் ஜன்னலிலிருந்து பார்த்தால் டீக்கடை பெஞ்சு தெரியும். பஸ் ஒன்றும் போகாது. இருபது நிமிடத்துக்கு ஒரு பஸ்.

நானும் உஷாவும் ஒரே ஆபீசில் வேலை பார்த்துப் பழகிக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். அவள் வீட்டில் பேசுவது சௌராஷ்டிர மொழி. நாங்கள் வயக்காட்டு ஆட்கள். ரெண்டு பக்கமும் கொஞ்ச நாள் இடி இடித்து ஓய்ந்தது. ஐயா மட்டும் ஊர்க் கடைத்தெருவில் நாலு பேர் முன்னால் ஒரு வார்த்தை சொல்லிவிட்டார்.

"போவேன், வருவேன். அவன் வீட்டுல மட்டும் கை நனைக்க மாட்டேன்."

கை நனைப்பது என்றால் எங்கள் பக்கம் சும்மா சாப்பிடுவது இல்லை. ஒரு வீட்டில் கை நனைத்துவிட்டால் அந்த வீட்டு உறவை ஒப்புக்கொண்டதாக அர்த்தம். பகை தீர்ந்தது என்று ஊருக்குச் சொல்வதும் அதை வைத்துத்தான்.

கோபம் ஒரு வருஷத்தில் போய்விட்டது. பேத்தி பிறந்தபோது சுத்தமாகப் போய்விட்டது. ஆனால் வார்த்தை கடைத்தெருவிலேயே நின்றுகொண்டிருந்தது. அதைத் தாண்டி வர அவருக்கு வழி தெரியவில்லை. அவருக்கு வழி விட எங்களுக்கும் தெரியவில்லை.

அப்போதுதான் காதுகுத்துப் பேச்சு வந்தது. அவராகவே சொன்னார், "எம் பேத்தி காதுகுத்துக்கு அரிசி என் வயல்ல வெளஞ்சதாத்தான் இருக்கணும்."

அம்மா இதை என் ஆபீஸ் போனில் கூப்பிட்டுச் சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அவரு அரிசிய அவரு திங்கிறதுல என்னய்யா இருக்கு? அது உங்க வீட்டுச் சோறு ஆகாதுல்ல?"

எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. மனிதர் ஒரு சந்து கண்டுபிடித்துவிட்டார். சொந்த அரிசி சொந்தச் சோறு. மகன் வீட்டில் கை நனைத்தாலும் கை நனைத்ததாகாது. வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டியவர், நெல்லுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார்.

ஆகவே அரிசி சரியாக இருந்தாக வேண்டும். குறைந்தால் கடையில் வாங்க வேண்டிவரும். கடை அரிசி கலந்துவிட்டால் அது எங்கள் வீட்டுச் சோறு. அவர் மறுபடியும் பஸ்ஸைப் பிடிக்கப் போய்விடுவார். உஷா இலைத் துண்டுக்கெல்லாம் எடை பார்த்தது இதற்காகத்தான்.

தராசு வீடு

உஷாவின் வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். சாயப்பட்டறைக்காரர் வீட்டில் எல்லாமே எடைதான். சாயப்பொடியில் ஒரு சிட்டிகை கூடினால் கிளிப்பச்சை பாசிப்பச்சையாகிவிடும். தறிக்காரர் நூலைத் திருப்பி எறிந்துவிட்டுப் போவார். அந்தப் பயம் பட்டறையிலிருந்து சமையலறை வரை வந்திருந்தது. என் மாமியார் ரசத்துக்கு மிளகை நிறுத்துப் போடுவார். கல்யாணமான புதிதில் எனக்குக் காபி கொடுத்துவிட்டு, "சீனி பத்து கிராம். போதுமா மாப்பிள்ளை?" என்று கேட்டார். போதும் என்று சொல்லவும் பயம், போதாது என்று சொல்லவும் பயம்.

மாமனாரின் நகங்கள் இன்று ஒரு நிறம், நாளை ஒரு நிறம். கை கொடுத்தாலே பட்டறையில் அன்றைக்கு என்ன வேலை என்று தெரிந்துவிடும். ரொம்ப நல்ல மனிதர். ஆனால் காய்கறிக்காரர்கள் அவரைக் கண்டால் தள்ளுவண்டியை வேறு சந்துக்குத் திருப்புவார்கள்.

அந்த வீட்டில் படி என்று ஒன்று கிடையாது. எங்கள் வீட்டில் இருந்த அந்தப் பித்தளைப் படிகூடச் சமையலுக்கு வாங்கியது இல்லை. புது வீட்டில் விளக்குப் பக்கத்தில் படி நிறைய அரிசி வைக்க வேண்டும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, மாமியார் பாத்திரக் கடையில் வாங்கி வந்தது. பளபளவென்று, நல்ல கனம். இருந்ததிலேயே பெரிதாகப் பார்த்து வாங்கியதாகப் பெருமையாகச் சொன்னார்.

இந்தக் கடைசி வாக்கியத்தை அப்போது ஒருவரும் கவனிக்கவில்லை.

குமித்தலும் தலைதட்டலும்

எங்கள் ஊரில் தராசு இருந்தது, பருத்திக் கடையில். வீட்டுக்குள் வராது. நெல், சோளம், பயறு, கைமாத்தாக வாங்கும் அரிசி எல்லாம் படிதான்.

அதிலும் ரெண்டு விதம் உண்டு. படியை நிரப்பி, மேலே விரலை வைத்து வழித்துவிட்டால் தலைதட்டிய படி. வழிக்காமல் கொள்ளுமட்டும் கோபுரமாக விட்டால் குமித்த படி. எந்த வீட்டுக்கு எந்தப் படி என்பதில்தான் சூட்சுமம். பிடித்தவர்களுக்குக் குமித்து அளப்பார்கள். பிடிக்காதவர்களுக்குத் தலைதட்டி. வாயால் சொல்ல முடியாததையெல்லாம் கட்டைவிரலால் சொல்லிவிடுவார்கள். என் சித்தப்பாவுக்கும் ஐயாவுக்கும் வரப்புத் தகராறு நடந்த காலத்தில், கைமாத்து அரிசி தலைதட்டித்தான் போனது, தலைதட்டித்தான் திரும்பி வந்தது. ரெண்டு வீட்டிலும் அதை வைத்து ஒரு வாரம் பேசினோம்.

இதை உஷாவிடம் சொன்னேன்.

"அந்தக் கோபுரம் எத்தனை கிராம் இருக்கும்?"

"அதை யாரு நிறுத்தா?"

"நிறுக்காம எப்படித் தெரியும், கூடவா கொடுத்தாங்களா குறைவா கொடுத்தாங்களான்னு?"

"பாத்தாத் தெரியும்."

இதுவும் அவளுக்குப் பிடிக்காத பதில்களில் ஒன்று.

அவளை மட்டும் கேலி செய்வது நியாயமில்லை. உங்கள் கையிலிருக்கும் இந்தப் பத்திரிகையின் சமையல் பக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 'ஒரு கப் அரிசி, ரெண்டு கப் தண்ணீர்' என்று எந்தச் சந்தேகமும் இல்லாமல் போடுகிறார்கள். எந்தக் கப்? எங்கள் வீட்டு அலமாரியில் அப்போது காது உடைந்தது ஒன்று, பிளாஸ்டிக் ஒன்று, ஹார்லிக்ஸோடு இனாமாக வந்தது ஒன்று, சாஸரைத் தொலைத்துவிட்டு விதவையாக நின்றவை நாலு. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வயிறு. அந்தச் சமையல் பக்கத்தை நடத்தும் அம்மையாரை ஒருமுறை நேரில் பார்த்தபோது கேட்டேவிட்டேன். "அரிசிக்கு எதுல எடுக்கிறீங்களோ அதுலயே தண்ணியும் எடுங்க சார். அவ்வளவுதான்" என்றார்.

ஒரே வீட்டுக்குள் அரிசிக்கு ஒரு பங்கு, தண்ணீருக்கு ரெண்டு பங்கு என்பதுவரை கப்பும் படியும் பிழையே செய்யாது. ஒரு வீட்டுக் கப் இன்னொரு வீட்டுக்குப் போகும்போதுதான் வினை.

போனில் ஒரு கணக்கு

கணக்கு இப்படி முடிந்தது. சமையலுக்கு அவனியாபுரத்திலிருந்து ரத்தினம் அண்ணன் வருவதாக இருந்தது. கிலோவுக்கு ஆறு பேர் என்றார் அவர். நூற்றைம்பது பேர் வருவார்கள். இருபத்தைந்து கிலோ. படி ஒன்றரை கிலோ. வகுத்துப் பார்த்து, ஓட்டை உடைசலுக்குக் கொஞ்சம் சேர்த்து, பதினேழு படி என்று உஷா முடிவு செய்தாள். மாமனார் சரிபார்த்தார். நான் சரிபார்த்தேன். மூன்று பேரும் பட்டம் வாங்கியவர்கள் மாதிரித் தலையாட்டிக்கொண்டோம். மாமனார் எட்டாவதோடு நின்றவர், அது வேறு விஷயம்.

எஸ்.டி.டி. பூத்திலிருந்து ஊருக்குப் போன் போட்டேன். உரக்கடையில்தான் போன் இருந்தது. ஐயாவைக் கூப்பிட்டு வர ஆள் போய், அவர் வந்து, ரிசீவரைத் தலைகீழாகப் பிடித்து, திருப்பிப் பிடித்து, "ம்" என்றார்.

"பதினேழு படி போதும்ங்கய்யா."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டது என்று நினைத்தேன்.

"எம்புட்டுப் பேரு?"

"நூத்தம்பது."

மறுபடியும் மௌனம். "பதினேழா?"

"ஆமாங்கய்யா. உஷா கணக்குப் பாத்துச் சொன்னா."

"அவ சொன்னாச் சரி" என்று வைத்துவிட்டார்.

அந்த மௌனத்தை நான் தப்பாகப் புரிந்துகொண்டேன். ரொம்பக் கேட்டுவிட்டோமோ என்று கூசினேன். வீட்டுக்கு வந்து உஷாவிடம் சொன்னதும் அவளும் கூசினாள்.

மூட்டை வந்தது

காதுகுத்தன்று விடியக்காலை வெள்ளன வேன் வந்தது. முதலில் இறங்கியது அம்மா. பின்னாலேயே ஐயா, தோளில் சாக்குமூட்டையோடு. அதை யாரிடமும் கொடுக்கவில்லை. தானே கொண்டுவந்து பந்தல் ஓரம் அடுப்புப் பக்கத்தில் இறக்கிவைத்தார். புதுச் சாக்கு. வாய் தைத்திருந்தது.

அந்த மூட்டையைப் பார்த்தபோதே எங்களுக்கு உறைத்திருக்க வேண்டும். இருபத்தைந்து கிலோ மூட்டை இருக்கிற உயரத்தில் பாதிதான் இருந்தது. ஆனால் அந்த நேரத்தில் ஆசாரி வந்துவிட்டார். உஷாவின் தம்பி மடியில் பிள்ளை. ரெண்டு காதும் குத்தி முடிக்குமுன் பிள்ளை அழுத அழுகையில் வில்லாபுரமே திரும்பிப் பார்த்தது. ஐயா எழுந்து பந்தலுக்கு வெளியே போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டார். கண்ணில் தூசி விழுந்துவிட்டதாம்.

ரத்தினம் அண்ணன் என்னைச் சாடை காட்டிக் கூப்பிட்டார். மூட்டையைப் பிரித்துக் கூடையில் கொட்டியிருந்தார்.

"தம்பி, மிச்ச மூட்டை எங்கிட்டு?"

"மிச்சமா? அம்புட்டுத்தான்."

"இது பாதிப் பேருக்குத்தான் தம்பி காணும்."

உஷா ஓடிவந்தாள். தராசு வந்தது. நிறுத்துப் பார்த்தால் பதினைந்து கிலோகூட இல்லை. ஐயா ஏமாற்றிவிட்டார் என்று ஒரு கணம்கூடத் தோன்றவில்லை. மனசு வரவில்லை போலிருக்கிறது என்று தோன்றியது. அது அதைவிட மோசம்.

உஷாவும் நானும் அம்மாவைத் தனியே கூப்பிட்டுக் கேட்டோம். அவள் பதறிப்போனாள்.

"பதினேழு படிதான்யா, நான் கூடவே நின்னு எண்ணுனேன். ஒரு படிகூடத் தலை தட்டல. அம்புட்டும் குமிச்சுத்தான் அளந்தாரு."

"அப்புறம் எப்படிம்மா?"

"நான் அப்பவே சொன்னேன், பத்தாதுன்னு. படிக்கு ஒம்பது பேரா, பட்டணத்து ஆளுக கோழி கொறிக்கிற மாதிரித்தான் திம்பாக போலன்னாரு. கூடப் போடுங்கன்னா, கேட்டதுக்கு மேல கொண்டு போனா வழியிற மாதிரி இருக்கும்னு சொல்லிட்டாரு. அதான் குமிச்சாரு."

உஷா என்னைப் பார்த்தாள். நான் உஷாவைப் பார்த்தேன். ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் வீட்டுக்குள் சாமி மாடம் இருந்த பக்கம் பார்த்தோம்.

எங்கள் ஊர்ப் படி சின்னப் படி. ஊரில் எல்லோரும் அதைப் படி என்று மட்டும்தான் சொல்வார்கள். நான் பிறந்ததிலிருந்து பார்த்த படி அது ஒன்றுதான், ஆனால் ஊரைவிட்டு வந்த இத்தனை வருஷத்தில் அதன் அளவு என் கண்ணில் மங்கிப்போயிருந்தது. மாமியார் பாத்திரக் கடையில் பெரிதாகப் பார்த்து வாங்கியது பக்காப் படி. அது ஒன்றுக்கு எங்கள் ஊர்ப் படி ரெண்டு. அவர்களும் படி என்றார்கள், நாங்களும் படி என்றோம். உஷா இலைத் துண்டை நிறுத்தாள். ஐயா கோபுரம் கோபுரமாகக் குவித்தார். ரெண்டு பக்கமும் பிழையே இல்லாமல் கணக்குப் பார்த்துப் பாதி அரிசியில் வந்து நின்றோம்.

"பேசாம அண்ணாச்சி கடையில இதே மாதிரி அரிசி வாங்கிக் கலந்துருவோம். வடிச்ச பிறகு யாருக்குத் தெரியும்?" என்றேன்.

மாமனார் கூடையிலிருந்து ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் பரப்பிப் பார்த்தார். அன்றைக்கு அவர் நகம் மஞ்சள். "அவரு வெளைவிச்ச அரிசி மாப்பிள்ளை. அவருக்குத் தெரியும்" என்றார்.

உஷா உள்ளே போய்ப் பித்தளைப் படியை எடுத்துக்கொண்டு நேரே ஐயாவிடம் போனாள். தடுக்கலாமா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் போய்விட்டாள். பந்தலில் எங்கள் ஊர் ஆட்கள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். கடைத்தெருவில் அந்த வார்த்தையைக் காதால் கேட்டவர்களும் அதில் இருந்தார்கள்.

"மாமா, உங்க படியும் இந்தப் படியும் ஒண்ணா?"

ஐயா அதை வாங்கினார். உள்ளே கையை விட்டுப் பார்த்தார். ஓரத்தைத் தட்டிப் பார்த்தார்.

"இது பக்காப் படிம்மா. நம்மூருல யாரு இதுல அளக்குறா?"

"நான் இதுல அளந்துதான் பதினேழு சொன்னேன் மாமா. அரிசி பத்தல. கடையில வாங்கணும்."

சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் ஐயாவின் பக்கம் திரும்பினார்கள். கடை அரிசி என்றால் என்ன என்று அவர்களுக்கும் தெரியும். ஐயா படியை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தபடி இருந்தார். அவர் எழுந்தால் பஸ்தான் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது. இத்தனை தூரம் வந்துவிட்டு, ஒரு பாத்திரத்தின் பெயரால் போய்விடுமே என்று ஆத்திரமாக இருந்தது.

ஐயா எழுந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். அடுப்பை நோக்கி நடந்தார்.

"ரத்தினமா உம் பேரு? என் அரிசிய மொதப் பந்திக்கும் ரெண்டாம் பந்திக்கும் வடி. வந்தவுகளுக்கு நல்ல சோறு விழுகட்டும். கடை அரிசிய வாங்கிக் கடேசிப் பந்திக்கு வடி."

உஷா பின்னாலேயே போயிருந்தாள். "கடேசிப் பந்தில யாரு மாமா?"

"வீட்டாளுகதான். வேற யாரு?" என்றார், என்ன இதுகூடத் தெரியாதா என்பது போல.

கடைசிப் பந்தி

முதல் பந்தி முழுக்க அவர் இலைகளுக்கு நடுவில் நடந்துகொண்டிருந்தார். செல்லூர் ஆட்களிடம் போய், "கூச்சப்படாமச் சாப்பிடுங்க. நம்ம வயல் அரிசி" என்றார். கோழி கொறிப்பதுபோலத் தின்பார்கள் என்று அவர் நினைத்திருந்த என் மாமியாரின் தங்கை மூன்றாம் முறை சோறு கேட்டதைப் பார்த்து அசந்துபோய் நின்றார்.

ரெண்டாம் பந்தியோடு அவருடைய அரிசி தீர்ந்தது.

கடைசிப் பந்திக்கு இலை போட்டார்கள். மாமனார், மாமியார், உஷாவின் தம்பி, அம்மா, நான், ரெண்டு பக்கத்து நெருங்கின சொந்தங்கள். அம்மா தன் பக்கத்து இலையில் யாரையும் உட்காரவிடவில்லை. ஐயா குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் கழுவினார். வயலில் சேறு மிதித்து வந்த நாளில்கூட அவர் அப்படிக் கழுவிப் பார்த்ததில்லை. எங்கள் ஊர் ஆட்கள் வெற்றிலை போட்டுக்கொண்டே எங்கேயோ பார்ப்பது மாதிரிக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வந்தார். உட்கார்ந்தார். உஷா சோறு வைத்தாள். சாம்பார் விட்டாள். ஐயா பிசைந்து ஒரு வாய் வைத்தார். மென்றார்.

"என்ன சோறு இது, களியாட்டம் கெடக்கு" என்றார், பந்தல் முழுக்கக் கேட்கும்படி. "இந்த அரிசிக்கு இம்புட்டுத் தண்ணியா வைக்கிறது? சாம்பார்ல உப்பும் ஒரைக்கல."

"சும்மா இருங்க" என்று அம்மா தொடையில் இடித்தாள்.

மாமியாரின் முகம் சுருங்கிவிட்டது. நிறுத்துப் போட்ட உப்பு அது. ஆனால் எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அவர் விருந்துக்குப் போன வீட்டில் ஒருநாளும் சாப்பாட்டைக் குறை சொன்னது கிடையாது. வேகாத சோற்றைக்கூட அருமை என்று சொல்லிவிட்டு வருவார். சோறு குழைந்தது, உப்பு உறைக்கவில்லை என்று அவர் சத்தம் போட்டு நான் கேட்டது ஒரே ஒரு வீட்டில்தான். அது எங்கள் ஊர் வீடு.

குறை சொல்லிக்கொண்டே ரசத்துக்கும் மறுசோறு வாங்கினார். மோருக்கும் வாங்கினார்.

சாயங்காலம் வேன் கிளம்பியபோது, பேத்திக்குக் காது வலிக்கிறது, விட்டுவிட்டு எப்படி வருவது என்று சொல்லி அதை அனுப்பிவிட்டு, அம்மாவோடு தங்கிவிட்டார். பேத்தி அப்போது தெருவில் பலூன் வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் உஷா சமையலறையிலிருந்து என்னைக் கூப்பிட்டாள். கையில் வெறும் பாத்திரம்.

"மாமாவுக்கு எவ்வளவு அரிசி போடணும்?"

அவருக்குச் சோறு போட்டதெல்லாம் அம்மாதான். அம்மா பேத்தியைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போயிருந்தாள். இந்த வீட்டில் அவர் எவ்வளவு சாப்பிடுவார் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

"அவரையே கேளு" என்றேன்.

ஐயா கூடத்தில் பேப்பரை விரித்து, படிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார். உஷா வாசல்படியில் நின்று கேட்டாள்.

"மாமா, உங்களுக்கு எம்புட்டு அரிசி போட?"

"காப்படி போடும்மா. போதும்."

திரும்பி ரெண்டு எட்டு வைத்தவள் நின்றாள். மறுபடியும் வந்தாள்.

"எந்தப் படிக்குக் காப்படி மாமா?"

ஐயா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"இந்த வீட்டுப் படிக்குத்தான். வேற எந்தப் படிக்கு?"

பக்காப் படியில் கால் படி என்றால் ரெண்டு ஆள் சோறு. உஷா சாமி மாடத்திலிருந்து பித்தளைப் படியை இறக்கினாள்.